துரைக்கு ஒரு மெழுக்கு

தோணியில் வினாயகமூர்த்தி சொன்னதுதான் சட்டம். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசாக இருந்தாலும் அவன் காட்டிய பலகையில்தான் குந்த வேண்டும். ஆடு ஏற்றினால் அதன் காலைக் கட்ட வேண்டும். குடை விரித்தால் மடக்க வேண்டும். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவியில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நடை போய்வருவான். அவ்வளவு நேரமும் வாய் ஓயாது. காற்றைத் திட்டுவான், பயணிகளுக்குப் பட்டப்பெயர் வைப்பான், தான் பார்த்தே இராத கொழும்பைப் பற்றி விளக்கமாகச் சொல்லுவான்.

படுவான்கரையில் இறங்கியதும் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, வளவில் நிற்கிற தென்னையும் பசுவும் பெண்ணுடையவை. வினாயகமூர்த்தி ஒரு பாயும் ஒரு துடுப்பும் இரண்டு சாறனும் கொண்டுவந்து சீதேவிப்பிள்ளையின் வீட்டில் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. பாய் கிழிந்துபோயிற்று. இப்போது படுப்பது அவள் இழைத்த பாயில். அவனுக்கு இதில் குறை ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் இருந்தார்கள். நிலத்தில் தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று அவன் நினைத்திருந்தாலும் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தாறாம் ஆண்டு, சித்திரை முடிந்து வைகாசி பிறந்த சமயம். ஒரு நாள் மத்தியானம் தன்னாமுனைக்குப் போகிற கலியாணக் கூட்டம் ஒன்று இறங்கிப் போனபின் தோணியின் அடியில் பன்புல்லால் இழைத்த ஒரு பெட்டி கிடந்தது. திறந்தான். உள்ளே ஒரு நாய்க்குட்டி. வெள்ளை. ஒரு காது மட்டும் மண்ணிறம்.

“ஆர்ர குட்டி இது?” என்று கத்தினான். கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த நடையிலும் கேட்டான். அதற்கடுத்த நடையிலும் கேட்டான், ஆனால் மெதுவாக. கடைசி நடையில் அவன் கேட்டது அவனுக்கே கேட்கவில்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

சீதேவிப்பிள்ளையின் பெருமை அவள் வீட்டுத் தரை. சாணத்தோடு புற்றுமண்ணும் தேங்காய் மட்டைக் கரியும் அரைத்துச் சேர்த்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து மெழுகுவாள். ஒரு வளைவின் விளிம்பில் அடுத்த வளைவு ஏறி உட்காரும். முழுத் தரையும் ஒரு பெரிய மீனின் செதில் போல இருக்கும். அந்தத் தெருவுக்குப் புதுப்பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் இந்தத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்க்கப் போவார்கள்.

வினாயகமூர்த்தி குட்டியை அந்தத் தரையின் நடுவில் இறக்கிவிட்டான். அது அவனைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. பின் குந்தி மூத்திரம் பெய்தது.

சீதேவிப்பிள்ளை குனிந்து பார்த்தாள். ஈரம் மூன்று வளைவுகளைத் தாண்டி நாலாவதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்க. என்ன இது?”

“குட்டி.”

“குட்டி எண்டு தெரியுது. இது என்ன?”

அவனும் குனிந்து பார்த்தான். “வெயில்ல வந்தது. தண்ணி கூடக் குடிச்சிட்டுது போல.”

“வெளியில கட்டுங்க.”

“நரி கொண்டுபோயிடும்.”

அது உண்மை. வாவிக்கரைப் பற்றையிலிருந்து நரிகள் வந்து போன கிழமைதான் இரண்டு கோழிகளைத் தூக்கியிருந்தன. குட்டி ஒரு கோழி அளவுகூட இல்லை.

“இது இருக்கட்டும் புள்ள” என்றான் வினாயகமூர்த்தி.

சீதேவிப்பிள்ளை நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவன் இந்த வீட்டில் ஒன்றும் கேட்டதில்லை. கறிக்கு உப்புக்கூடக் கேட்டதில்லை. ஏலாது என்று உடனே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேறு விதமாகச் சொன்னாள்.

“அம்மன்ட கதவு திறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள இது வெளியில போய்ப் பழகோணும். பழகினா இருக்கட்டும். இல்லாட்டி அண்ணன் வண்டியில வரக்குள்ள குடுத்து விட்டிருவன். கரடியனாத்தில சேனைக் காவலுக்கு நாய் வேணுமாம்.”

வருடம் முழுக்கச் சாத்தியிருக்கும் கண்ணகை அம்மன் கோயில் கதவு வைகாசியில்தான் திறக்கும். அதற்கு முதல் நாளைக்குள் ஒவ்வொரு வீடும் மூலைக்கு மூலை மெழுகப்பட்டிருக்க வேண்டும். அடுப்பில் மீன் மணம் இருக்கக்கூடாது. நாய் மூத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் நல்லரத்தினம் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு நாய் கேட்டு வருவதற்கும் காரணம் இருந்தது. காடு வெட்டிப் பயிரிட்ட அவருடைய சேனைப் பக்கம் சிறுத்தை நடமாடியது.

குட்டிக்குத் துரை என்று பெயர் வைத்தான். “கேட்காம வந்து நடுவீட்டில குந்தினவருக்கு வேற என்ன பேர் வைக்கிறது?” என்று தோணியில் விளக்கம் சொன்னான்.

பழக்கத் தொடங்கினான்.

வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஒவ்வொரு நடை முடிந்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடுவான். “கொஞ்சம் பொறுங்க, துரை வெளிக்குப் போகோணும்” என்பான். துரை என்பது நாயின் பெயர் என்று தெரியாத ஒருவர் இதைக் கேட்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டார். துரையைத் தூக்கிக்கொண்டு வினாயகமூர்த்தி வேலியோரப் பூவரசுக்குக் கீழ் போய் இறக்குவான்.

“பெய்” என்பான்.

துரை அவன் முகத்தைப் பார்க்கும்.

விளங்கவில்லையோ என்று அவனே முன்னால் குந்திக் காட்டுவான். துரை அவனுடைய பெருவிரலைக் கடிக்கும். நண்டு வளை ஒன்றைக் கண்டு உள்ளே மூக்கை விடும். விழுந்த பூவரசம் இலையைப் பார்த்துக் குரைக்கும், இலை அசையாவிட்டால் பின்வாங்கிக் குரைக்கும். எதிர்க்கரையில் நிற்கிற சனம் தொண்டை கிழியக் கூப்பிடும். கால்மணி நேரம் போனதும் தோற்றுப்போய் உள்ளே கொண்டுவந்து விடுவான். துரை தரையில் நாலு அடி நடந்து, நீண்ட பயணம் போய் வீடு சேர்ந்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டு, பெய்யும்.

முதல் நாள் ஒன்பது தடவை. இரண்டாம் நாள் பதினொன்று.

“பழகுது” என்றான் வினாயகமூர்த்தி.

“ஓம், கூடிக்கூடிப் பழகுது” என்றாள் சீதேவிப்பிள்ளை.

பக்கத்து வளவுப் புஸ்பம் வேலிக்கு மேலால் புத்தி சொன்னாள். “மூக்கைப் புடிச்சு அதிலயே அழுத்துகா. ஒரு தரம் போதும்.” அழுத்தினார்கள். துரை தும்மியது. மூக்கை நக்கியது. இன்னொரு தரம் அழுத்தச் சொல்லி வாலை ஆட்டியது.

“அப்ப மிளகாய்த் தூளைப் போடுகா.”

போட்டார்கள். பின்னேரம் வரை சீதேவிப்பிள்ளை தும்மினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய அவள் அடுப்படியில் குந்தியிருக்க, துரை வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அங்கேயும் பெய்தது.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி மரியாதையோடு மட்டுந்தான் பேசினாள். “துரை எழும்பிட்டாரா? துரைக்கு இண்டைக்கு எந்த மூலை விருப்பமாம்? என்ட பாயை விரிச்சு வைக்கட்டா?”

மூத்திரம் விழுந்த தரையை அப்படியே விட அவளால் முடியாது. கதவோரம் ஒரு சட்டியில் கரைத்த சாணம் எப்போதும் இருந்தது. பெய்த மாத்திரத்தில் அந்த இடத்தை வழித்து, புதிதாகப் பூசி, வளைவுகளை இழுத்துவிடுவாள். அவள் மெழுகும் நேரம் துரை பின்னால் குந்தி, தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். கூலியாட்களை மேய்க்கிற ஓவசியர் மேற்பார்வை பார்ப்பதுபோல இருக்கும். அவள் எழும்பிப் போனதும் துரையும் எழும்பும்.

“நான் மெழுக மெழுக இது பெய்யுதுகா” என்று புஸ்பத்திடம் ஒரு நாளில் பலமுறை சொன்னாள். புஸ்பம் பலமுறை அனுதாபப்பட்டாள். அந்த வசனத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

கதவு திறக்க மூன்று நாள் இருந்தபோது காத்தான்குடி அசனார் வந்தார். ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் புடவைக் கட்டோடு வருகிறவர்; அவளுக்கு அண்ணன் முறை, காக்கா என்றுதான் கூப்பிடுவாள். படலையைத் திறந்தவர் துரையைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“மச்சான் நாய் வளக்கான் எண்டு தோணியில சென்னாங்க. நான் நம்பல்ல.”

துரை அவரை நோக்கிப் பாய்ந்து வந்தது. அசனார் ஐம்பது வயதுக்காரர், பாரமான ஆள். தலையில் கட்டோடு, ஒரு கையால் சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த உரலில் ஒரே எட்டில் ஏறிவிட்டார்.

“புடி புள்ள! புடி! இதிட ஈரம் பட்டா நான் ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண்ணால. மறுகா எப்ப நான் ஊட்ட போறது?”

“ஒண்டும் செய்யாது காக்கா. விளையாடுது.”

“எனக்கு விளையாட்டு வேணாம்.”

வியாபாரம் உரலின் மேலிருந்தே நடந்தது. கட்டை இறக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு புடவையாக உருவி மேலே உயர்த்திப் பிடித்தார். சீதேவிப்பிள்ளை கீழே நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். நடுவில் துரை கதவடியில் பெய்யும். அவள் போய் மெழுகிவிட்டு வருவாள். மறுபடி புடவை பார்ப்பாள். அவள் புடவையைப் பார்த்த நேரமெல்லாம் அசனார் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதிலும் அவருக்குக் கண் போகவில்லை. அந்த நாயை இவ்வளவு கவனமாக அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

“தங்கச்சி, ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப்படாது.”

“கேளுங்க காக்கா.”

“இந்த வளவு முழுக்க மண்தானே? அது மண்ணில பெய்யல்ல. சாம்பல் மேட்டில பெய்யல்ல. இந்த உரலடியில, அல்ஹம்துலில்லாஹ், பெய்யல்ல. நீ கையெடுக்கிற இடத்திலதான் போய்ப் பெய்யுது. நாலு தரம் பாத்திட்டன். நீ ஈரமா மெழுகி வைக்கிறாய். அது தனக்குத்தான் எண்டு நினைக்குது.”

சீதேவிப்பிள்ளை கதவடியைப் பார்த்தாள். புதிதாக மெழுகிய இடம் பளபளவென்று கிடந்தது. துரை அதன் ஓரத்தில் மூக்கை வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, குந்தியது.

“அஞ்சு” என்றார் அசனார்.

“அப்ப என்ட மெழுக்கு நாய்க்குக் கக்கூசா காக்கா?”

“நான் செல்லல்ல தங்கச்சி. நாய் செல்லுது.”

அன்று அவள் புடவை எடுக்கவில்லை. துரையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அசனார் தோணிக்கரை வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

அவள் நம்ப விரும்பவில்லை. மறுநாள் சோதித்துப் பார்த்தாள். ஒரு மூலையில் துரை பெய்த ஈரத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, மெழுகாமல் விட்டாள். துரை அந்த மூலைக்குத் திரும்பிப் போகவில்லை. வேண்டுமென்றே எதிர் மூலையை மெழுகினாள். துரை நேரே அங்கே போயிற்று.

வினாயகமூர்த்தி வந்ததும் சொன்னாள். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டுத் துள்ளினான். “அப்ப வெல்லலாம்! மெழுகாம விட்டாச் சரி!”

“நாளையிண்டைக்கு அம்மன்ட கதவு திறக்குது. மெழுகாம விடுறதா? நாளைக்கு முழு வீடும் மெழுகோணும். முழு வீடும் ஈரம். துரைக்கு முழு வீடும் கக்கூஸ். அண்ணன் காலமை வருவார்.”

அவன் துள்ளல் நின்றது.

பொழுது சாய்வதற்குள் வினாயகமூர்த்தி வாழ்க்கையில் செய்யாத ஒரு வேலையைச் செய்தான். சாணத்தை அள்ளிக்கொண்டு பூவரசடிக்குப் போய்த் தானே மெழுகினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் கசியாமல் தோணிக்குக் கீல் பூசுவதுதான். அதேபோல அள்ளி அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, விளிம்பை வழித்துவிட்டான். வாவியில் விட்டிருந்தால் தரை மிதந்திருக்கும். துரையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தான்.

துரை முகர்ந்து பார்த்தது. தும்மியது. காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உதறியது. பின் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பெய்தது.

“துரைக்கு இந்தக் கக்கூஸ் வேணாமாம்!” என்று வேலிக்கு அப்பால் புஸ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பொஞ்சாதிட கைதான் வேணுமாம்!”

வினாயகமூர்த்தி சாணக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“புள்ள. நீ ஒருக்கா மெழுகித் தா.”

“எங்க?”

“பூவரசடியில.”

“நாய்க்கா?”

அவன் வாயைத் திறந்தான். தோணியில் என்றால் இதற்கு நூறு பதில் வந்திருக்கும்.

“எனக்கு” என்றான்.

சீதேவிப்பிள்ளை கறிச் சட்டியைத் துழாவினாள்.

மறுநாள் விடிய துரையைப் பூவரசில் கட்டிவிட்டு அவன் முதல் நடைக்குப் போனான். அன்று வாவியில் பேச்சில்லை. குடை விரித்தவனை மடக்கச் சொல்லவில்லை. பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திரும்பி வரும்போது, கரைக்குப் பாதித் தூரத்திலேயே வளவுக்குள் வண்டி நிற்பது தெரிந்தது. தோணியை மணலில் ஏற்றிவிட்டு ஓடினான். என்னவோ ஏதோ என்று பயணிகளும் பின்னால் ஓடினார்கள்.

நல்லரத்தினம் கையில் கயிற்றோடு நின்றார்.

“மச்சான், நாயை அவுத்துத் தாங்க. வெயில் ஏற முதல் போகோணும்.”

வினாயகமூர்த்தி பூவரசடியைப் பார்த்தான். அவன் அப்பியதைக் காணவில்லை. யாரோ வழித்தெடுத்து ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கருமையாக, ஈரமாக, வளைவுக்குமேல் வளைவாகச் செதில் விரிந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலக் கரைகூட இழுத்திருந்தது. நடுவில் இரண்டு வளைவு கலைந்திருந்தது.

“அண்ணன், பொறுங்க” என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சீதேவிப்பிள்ளை மூலையிலிருந்து மெழுகிக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். “வீடு காயட்டும். துரை ஏற்கெனவே அங்க ஒரு தரம் பெஞ்சிட்டார்.”

“பக்கத்தில கட்டினா எந்த நாயும் பெய்யும். அது பழக்கமா?”

“அப்ப உள்ள விட்டுப் பாப்பம்.”

வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. தரை காய்வதைப் பார்த்துக்கொண்டு பதினைந்து பேர் முற்றத்தில் நின்றார்கள். கொண்டுபோக ஆளில்லாமல் தோணி சும்மா கிடந்தது. புஸ்பம் வேலியைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் வேலிக்கு மேலாலேயே வந்தாள். வினாயகமூர்த்தி ஒரு சிரட்டை நிறையக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தான். துரை குடித்தது. இன்னொன்றும் குடித்தது.

“ஏன் அவ்வளவு குடுக்கிறீங்க?” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“பயத்தில.”

தரை வெளுத்துக் காய்ந்ததும் அவள் போய்ப் பூவரசடியை மறுபடி ஈரமாக்கிவிட்டு வந்தாள். வினாயகமூர்த்தி துரையை நடுவீட்டில் இறக்கிவிட்டு வெளியே வந்தான். எல்லோரும் வாசலில் தலையை நீட்டினார்கள்.

துரை ஒரு மூலைக்குப் போய் முகர்ந்தது. அடுத்த மூலைக்குப் போயிற்று. அம்மனுக்கென்று ஏற்றி வைத்திருந்த விளக்கைச் சுற்றியது. நடுவுக்கு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சுற்று என்னவென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வினாயகமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான். புஸ்பம் அவனுக்காகப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டாம் சுத்து... காலை மடக்குது... இல்ல, நிமிந்திட்டுது. மூக்கைத் தூக்குது. என்னமோ மணக்குது போல. வருது! தள்ளுங்கடா, வழி விடுங்க, துரை வாறார்!”

துரை வாசற்படியில் தடுக்கி விழுந்து, உருண்டு, எழும்பி, பதினைந்து பேரின் கால்களுக்குள்ளும் நல்லரத்தினத்தின் கால்களுக்குள்ளும் புகுந்து, பூவரசடிக்குப் போய், செதிலின் நடுவில் குந்தியது.

நீண்ட நேரம் பெய்தது. இரண்டு சிரட்டைக் கஞ்சி. முடிந்ததும் எழுந்த கூச்சலில் வண்டிமாடு இரண்டடி பின்வாங்கியது. முன்பின் தெரியாத பயணி ஒருவர் வினாயகமூர்த்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நல்லரத்தினம் கயிற்றைச் சுருட்டினார். பூவரசடிக்குப் போய் நின்று பார்த்தார்.

“என்ட காவல் வாடியில நான் படுக்கிற தரை இவ்வளவு திறம் இல்ல தங்கச்சி.”

“மிதிக்காதீங்க அண்ணன்.”

சீதேவிப்பிள்ளை சட்டியோடு வந்து முழங்காலில் குந்தினாள். நாலு வளைவு கெட்டிருந்தது. வழித்துவிட்டுக் கையை அகல விரித்தாள்.

“இதை நாள்தோறும் மெழுகப் போறியா?”

“ஓம் அண்ணன்.”

“ஒரு நாளைக்கு எத்தினை தரம்?”

“தெரியா” என்றாள் அவள், வளைவை இழுத்தபடி. “துரையைக் கேட்டுச் சொல்லுறன்.”

வினாயகமூர்த்தி அவளுக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்கு ஓடினான்.